குசினிக்குள் இருந்து அடித்த ட்றம்ஸ்

சில்வெஸ்ரர் என்ற பேரை ஜசிந்தா முதன்முதல் கேட்டது தகப்பன் சூசைப்பிள்ளையின் வாயிலிருந்து, ஒரு வசவோடு சேர்த்துத்தான்.

நெடுந்தீவில் கோயில் பெருநாள். அந்த வருடம் மெலிஞ்சிமுனையிலிருந்து 'ஏழாறு' என்ற இசைக்குழுவைப் பிடித்திருந்தார்கள். கிற்றாரும் அக்கோடியனும் நெடுந்தீவுச் சனம் முன்னமே கண்ட சாமான்கள். ட்றம்ஸ் செற் ஒன்று வள்ளத்தால் இறங்கி, மாட்டுவண்டிலில் ஏறிக் கோயிலடிக்கு வந்தது அன்றைக்குத்தான். பின்னேரம் பாட்டுத் தொடங்கி முதல் அடி விழுந்ததும், சூசைப்பிள்ளையின் சினைப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு, கல்வேலியையும் பாய்ந்து ஓடிவிட்டது. மனுசன் பற்றைக்குள்ளும் பனை வடலிக்குள்ளும் தேடித் திரிந்து, முழங்கால் இரண்டும் கீறுப்பட்டு வீட்டுக்கு வந்தபோது பெருநாளும் முடிந்து சனமும் கலைந்துவிட்டது.

"ஆரடி உவன் சில்வெஸ்ரர்? கையிரண்டையும் முறிச்சுவிட வேணும்."

"உங்களுக்கு அவன்ரை பேர் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் ஜசிந்தாவின் தாய்.

"ஒலிபெருக்கிக் குழாயைப் பூவரசிலை கட்டிப்போட்டு, பாட்டுக்குப் பாட்டு ட்றம்ஸ் சில்வெஸ்ரர், ட்றம்ஸ் சில்வெஸ்ரர் எண்டு கத்துறாங்கள். எனக்கென்ன காது செவிடே?"

பசு மற்றநாள் தானாகவே வந்து வாசலில் நின்றது. கன்றும் ஒரு குறையில்லாமல் பிறந்தது. ஆனாலும் சூசைப்பிள்ளை அந்தப் பேரை விடவில்லை. பால் குறைந்தாலும் சில்வெஸ்ரர், மாடு உதைத்தாலும் சில்வெஸ்ரர். சில வருடம் கழித்து அதே சில்வெஸ்ரருக்கு ஜசிந்தாவைக் கேட்டு ஆள் வந்தபோது, "முதலிலை மாட்டிட்டை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ, பேந்து பெட்டையைப் பற்றிக் கதைப்பம்" என்றார். சில்வெஸ்ரரும் வந்த உடனே மாட்டுக்கொட்டிலுக்குப் போய், பசுவைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ஜசிந்தாவுக்கு அந்த இடத்திலேயே ஆளைப் பிடித்துப்போயிற்று.

அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தது சீதேவி. அவளும் நெடுந்தீவுப் பெட்டைதான். சில்வெஸ்ரரின் ஒரே அண்ணன் எஸ்தாக்கிக்கு வாழ்க்கைப்பட்டு மெலிஞ்சிமுனைக்குப் போனவள். ஜசிந்தாவைப் பெண் கேட்டு வந்த அன்று அவள் உடுத்திருந்தது கறுப்பு. கறுப்பைக் கழற்றலாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவள்தான் கழற்றவில்லை.

எஸ்தாக்கியைப் பற்றிச் சொல்லாமல் சில்வெஸ்ரரின் கதையைச் சொல்ல ஏலாது. தகப்பன் இல்லாத வீடு. எஸ்தாக்கி கடலுக்குப் போய்த்தான் தாயையும் தம்பியையும் பார்த்தது. தம்பிக்காரனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பான், இறங்கினால் தலைச்சுற்று. ஆனால் கையில் எது அகப்பட்டாலும் தட்டிக்கொண்டிருப்பான். சோற்றுக் கோப்பை, மண்ணெண்ணெய்த் தகரம், கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகு. "இவன் ஒண்டில் விசரனாவான், இல்லாட்டில் ட்றம்ஸ்காரனாவான்" என்று சொன்ன எஸ்தாக்கி, கொழும்பில் ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டைக் காலிபண்ணும்போது விற்ற பழைய செற்றை வாங்கி, ரயிலிலும் லொறியிலும் ஏற்றிக்கொண்டு வந்து தம்பியின் முன்னால் வைத்தான். இனி வீட்டுத் தகரத்திலே தட்டாதே என்று ஒரே ஒரு நிபந்தனைதான்.

அதற்குப் பிறகுதான் ஏழாறு இசைக்குழு. சில்வெஸ்ரரின் தாய்மாமன் மகன் கிறிஸ்தோப்பர் அதில் மராகஸ் குலுக்கினான். உருண்டைக் காய்க்குள் மணி போட்டுப் பிடி வைத்த குலுக்கைதான் மராகஸ். இரண்டு கையாலும் குலுக்க வேண்டும். கிறிஸ்தோப்பருக்குப் பாடத் தெரியாது, வாத்தியம் எதுவும் தெரியாது, மச்சானை விட்டுப் பிரியவும் தெரியாது. அதனால் அவனுக்கு அந்தக் குலுக்கை.

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று அவர்கள் போகாத இடமில்லை. கோயில் திருவிழாவென்றாலும் போவார்கள், பெருநாளென்றாலும் போவார்கள், கலியாண வீடென்றாலும் போவார்கள். இறுப்பிட்டியில் ஒரு முறை மேடைக்குப் பதிலாக இரண்டு வண்டிலைச் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். பாட்டு நடுவில் ஒரு வண்டில் நகர, அக்கோடியன்காரன் ஒரு பக்கமும் அக்கோடியன் மறுபக்கமுமாக விழுந்தார்கள். உப்புக்காற்றில் ட்றம்மின் தோல் நனைந்து தொய்ந்துவிடும். போய் இறங்கினதும் முதல் வேலை பனம்மட்டையைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்டி விறைக்க வைப்பது. கிட்டப் பிடித்தால் வெடிக்கும், தள்ளிப் பிடித்தால் இறுகாது. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க, சில்வெஸ்ரர் நெருப்படியில் குந்தியிருப்பார். வாழ்க்கை முழுவதும் கண் எரிந்த மனுசன் என்று ஜசிந்தா சொல்லுவாள்.

பிறகு ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் எஸ்தாக்கியின் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. ஊரே கடலில் இறங்கித் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

செத்த வீட்டில் ஒரு வருடம் துக்கம் காப்பது வழக்கம். பெண்கள் கறுப்பு உடுப்பார்கள். றேடியோ போடுவதில்லை. பலகாரம் சுடுவதில்லை, நத்தார்ப் பண்டிகைக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. வருடம் திரும்ப ஆண்டுப் பூசை கொடுத்து, அதோடு துக்கம் கழியும். மேளதாளத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சில்வெஸ்ரர் ட்றம்ஸைப் பழைய பாய்த்துணியால் சுற்றி மூலையில் வைத்துவிட்டார். ஒரு வருடம்தானே என்று இருந்தார்.

வருடம் திரும்பியது. பங்குச் சுவாமி வந்து ஆண்டுப் பூசைக்கு நாள் கேட்டார். தாய் கொடுக்கவில்லை.

"எந்த நாளிலையிருந்து வருசத்தை எண்ணுறியள்? என்ரை பிள்ளை செத்த நாளை ஆர் கண்டது? உடம்பைக் காட்டுங்கோ, நாள் சொல்லுறன்."

துக்கம் நீண்டுகொண்டே போனது. ஏழாறு வேறு ஒருவனை ட்றம்ஸுக்கு வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போய்வந்தது. சில்வெஸ்ரர் ஊர்காவற்றுறைச் சந்தையில் ஐஸ்பெட்டி தூக்கினார்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு இசைத்தட்டுக் கொம்பனி ஏழாறைக் கூப்பிட்டது. தோணிக்காரியைப் பற்றி அவர்கள் பாடும், சனம் எழும்பி ஆடும் பைலாப் பாட்டு ஒன்றைத் தட்டில் பதிப்பதற்கு. வைத்திருந்த புது ட்றம்ஸ்காரன் மேடைக்குச் சரி, பதிவுக்குச் சரிவராது. கிறிஸ்தோப்பர் வேலிக்கரையில் நின்று மச்சானுக்குச் சொன்னான். துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தாய்க்கும் சீதேவிக்கும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சில்வெஸ்ரர் வெறுங்கையோடு கொழும்புக்கு ரயில் ஏறினார். அங்கே கொம்பனியின் ட்றம்ஸில்தான் அடித்தார்.

பதிவு முடிந்ததும், தட்டின் உறையில் போடுவதற்கு ஆட்களின் பேரைக் கேட்டார்கள்.

"என்ரை பேரைப் போடவேண்டாம்" என்றார் சில்வெஸ்ரர்.

"ட்றம்ஸுக்கு ஒரு பேர் வேணுமே" என்றார் கொம்பனிக்காரர்.

"அப்ப என்ரை பேரைப் போடுங்கோ" என்றான் கிறிஸ்தோப்பர். "மராகஸுக்கு எப்பிடியும் பேர் போடமாட்டியள்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். தட்டு வந்தது. உறையில் ட்றம்ஸ்: கிறிஸ்தோப்பர். அது றேடியோவில் போய்ப் பெயரெடுத்துச் சில மாதத்துக்குள், தாய் ஒரு நாள் தானாகவே எழும்பிப் போய்ச் சுவாமியிடம் பூசைக்கு நாள் கொடுத்தாள். பதிவு அந்தச் சில மாதம் பிந்தியிருந்தால் பேரை மாற்ற வேண்டிய தேவையே இருந்திராது.

கலியாணம் முடித்த புதிதில் சில்வெஸ்ரர் இதையெல்லாம் ஜசிந்தாவிடம் சொன்னார். சொன்னது ஒரே ஒருமுறைதான். "ஒருத்தருக்கும் சொல்லாதையும். அண்ணியின்ரை காதுக்குப் போகக்கூடாது." ஜசிந்தா சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டு எங்கே போனாலும் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள். வேறொருவனின் பேரில் தன் மனுசனின் கை அடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு கன காலம் சில்வெஸ்ரர் அடித்தார். யாழ்ப்பாணத்தில் கசற் பதிவு வந்தபோது, மத்தியானத்தில் பள்ளிக்கூட மண்டபத்தை வாங்கி, யன்னலெல்லாம் சாத்தி, வேர்த்து ஒழுக ஒழுகப் பதிவார்கள். ஒரு கசற்றில் பாட்டுக்கு நடுவே ஒரு காகம் கத்துகிறது. திரும்பப் பாடப் பாட்டுக்காரருக்குத் தொண்டை இல்லை, அப்படியே விற்றார்கள். வேறு குழுக்கள் கூப்பிட்டன. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். எந்தக் கசற்றிலும் ஆட்களின் பேர் போடும் வழக்கம் இருக்கவில்லை. பேர் போட்டது அந்த ஒரு தட்டில் மட்டும்தான்.

சண்டையில் தீவுச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது செற்றைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது. மகள் தயானியைத் தூக்கினார், ஜசிந்தா உடுப்புப் பெட்டியைத் தூக்கினாள், பாய்த்துணியால் சுற்றிய செற் வீட்டுக்குள் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது இரும்பு வளையம் இரண்டும் கால்மிதியும் மட்டும் மிச்சம். வளையத்தில் ஒன்றைக் கிணற்றடியில் செடிக்கு வேலியாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு யாராவது செற் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அடிப்பார். இடுப்பு நாரியும் பிடித்தது. பித்தளைச் சிம்பல் பக்கத்துக் காது, இடது காது, முற்றாக அடைத்துவிட்டது. இப்போது ஆரும் கூப்பிடுவதில்லை. மெஷினிலேயே எல்லாத் தாளமும் இருக்கிறதாம். சில்வெஸ்ரருக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. "நல்லது, அதுக்கு நாரி நோகாது" என்பார்.

கிறிஸ்தோப்பர் கன காலத்துக்கு முதலே கனடாவுக்குப் போய், அங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, நோய்வாய்ப்பட்டுச் செத்தும் போனான். போன வருடம் ஆடி மாதம் அவனுடைய மகன் கஜீபன் ஊருக்கு வந்தான். கோயிலுக்குப் பக்கத்தில் தகப்பனின் பேரில் ஒரு திறந்த மேடை கட்டுவித்திருந்தான். சீமெந்தெல்லாம் பூசி முடிந்துவிட்டது. திறப்பு விழாவுக்குச் சில்வெஸ்ரர் பேச வேண்டும் என்று கேட்க வந்தான்.

"மாமா, அப்பாவோடை அடிச்ச ஆக்களிலை மிச்சம் நீங்கள் மட்டும்தான்." கஜீபன் கைபேசியை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினான். ஆரோ ஒருவர் தட்டின் உறையோடு ஏற்றிவிட்டிருக்கிறார். "பாருங்கோ, எவ்வளவு பேர் கேட்டிருக்கினம். மேடைக் கல்லிலை 'தீவகத்தின் முதலாவது ட்றம்ஸ் கலைஞர்' எண்டு போட்டிருக்கிறம். அப்பா எப்பிடி அடிச்சவர் எண்டு நீங்கள் சொல்லவேணும்."

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஜசிந்தா கோப்பையை மேசையில் வைத்தாள். சத்தமாகத்தான் வைத்தாள்.

"உங்கடை அப்பா வீட்டிலை என்ன சொன்னவர் தம்பி, அந்தப் பாட்டைப் பற்றி?"

"அப்பா ஒண்டும் கதைக்க மாட்டார் மாமி. கேட்டால் சிரிப்பார். அவருக்குப் பெருமை பேசத் தெரியாது."

அவன் போன பிறகு ஜசிந்தாவுக்கு நிற்கவும் ஏலவில்லை, இருக்கவும் ஏலவில்லை.

"இஞ்சருங்கோ, இப்ப சொல்லாட்டில் எப்பவும் இல்லை. கல்லிலை வெட்டியாச்சு."

"வெட்டினால் என்ன? மழைக்குக் கரைஞ்சு போகும்."

"கருங்கல்லு கரையுமே?"

"நீர் பேசாமல் இரும். அண்ணி இருக்கிறா. துக்க வீட்டிலையிருந்து களவாய்ப் போய் பைலா அடிச்சவன் எண்டு அவவுக்குத் தெரியவேணுமே, இந்த வயசிலை? எனக்கு அலுப்பா இருக்கு ஜசிந்தா. பேரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் அன்றைக்குச் சோற்றையும் சரியாகத் தின்னவில்லை. மற்றநாளும் தின்னவில்லை. விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஜசிந்தாவுக்கு எல்லாம் விளங்கியது. கஜீபனிடமும் இல்லை, கல்லிலும் இல்லை, மனுசனின் வாய்ப்பூட்டின் திறப்பு சீதேவியின் கையில்தான் இருக்கிறது. மனுசனுக்குச் சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

சீதேவி அதே பழைய வளவில், கடற்கரைப் பக்கம், தனியாக இருக்கிறாள். ஜசிந்தா போன நேரம் ஓலைப் பாயில் கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் கறுப்புச் சீலைதான், ஆனால் வெளிறி, சாம்பல் நிறமாகி விட்டது.

"அக்கா, ஒண்டு கேக்க வந்தனான்."

"மேடைக் கதைதானே? இரு. காகத்தைப் பாத்துக்கொண்டு கதை."

"அந்த றெக்கோட்டிலை ட்றம்ஸ் அடிச்சது…"

"உன்ரை மனுசன்."

சீதேவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் என்ன செவிடே? என்ரை மனுசன் செற் வாங்கிக் குடுத்த நாளிலையிருந்து, உவன் அடிச்ச அடியெல்லாம் என்ரை தலைக்குள்ளைதானே அடிச்சவன். அடுப்படியிலை நிண்டால் சட்டியெல்லாம் ஆடும். எனக்குத் தெரியாதே அவன்ரை கை? கிறிஸ்தோப்பர் அடிச்சதாம்! அவன் குலுக்கத்தான் சரி."

"அப்ப ஏனக்கா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆர் கேட்டனீங்கள்?" ஒரு பெரிய கருவாட்டை எடுத்து வெயில் பக்கம் போட்டாள். "முதல் முதல் பக்கத்து வீட்டு றேடியோவிலை கேட்ட நேரம் நெஞ்சு கொதிச்சது. நான் கறுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறன், இவன் போய்ப் பைலா அடிச்சிருக்கிறான். மாமியிட்டைச் சொல்ல எழும்பிப் போனனான். போய், வாசலிலை நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன்."

"ஏன்?"

"மாமி சாப்பிடாமல் கிடந்தவ. இதையும் சொன்னால் கிடையிலையே போயிடுவா. பேந்து அவ பூசைக்கு ஓமெண்ட பிறகு சொல்லி என்ன? எனக்கும் கோவம் ஆறேல்லை. அந்தப் பாட்டுப் போனால் நான் எழும்பி வெளியிலை போயிடுவன். இப்பவும் அப்பிடித்தான்."

"நத்தாருக்கு நத்தார் எங்களுக்குப் பலகாரம் அனுப்புறனீங்களே அக்கா."

"அது வேறை, இது வேறை" என்றாள் சீதேவி. இன்னொரு கருவாட்டைப் பிரட்டிவிட்டுச் சொன்னாள்: "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போயிருக்கலாம். நான் விட்டிருப்பன். வாங்கிக் குடுத்த மனுசன் அவன் அடிக்கவேணும் எண்டுதானே வாங்கினது. இதை அவனிட்டைச் சொல்லு. மேடையிலை என்னத்தையும் சொல்லட்டும். நான் வரமாட்டன், எனக்குக் கால் ஏலாது."

ஜசிந்தா வந்து சில்வெஸ்ரரிடம் சொன்னாள். நல்ல காதைத் திருப்பிக்கொண்டு, "திருப்பிச் சொல்லும்" என்றார். ஜசிந்தா திருப்பிச் சொன்னாள். "கருவாடு காய்ஞ்சுதோ?" என்று கேட்டார்.

விழாவன்று பின்னேரம் சுவாமி வந்தார், கஜீபன் வேட்டி கட்டி வந்தான், கனடாவிலிருந்து வந்த அவனுடைய தாயும் அக்காவும் முன்வரிசையில் இருந்தார்கள். வேலணை, காரைநகர்ப் பக்கத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. சில்வெஸ்ரர் மேடைக்கு ஏறக் கஜீபன்தான் கை கொடுத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கனக்க நிக்க ஏலாது. நடந்ததைச் சொல்லிப்போட்டு இருக்கிறன்" என்று தொடங்கினார்.

"கொழும்பிலை ஒரு பெரிய வீடு. சுவர் முழுக்கச் சாக்கும் மெத்தையும் தொங்குது. கூடத்துக்கு நடுவிலை ஒரே ஒரு மைக். எல்லாரும் அதுக்குள்ளைதான் பாடவேணும், அடிக்கவேணும். ஒருத்தன் பிழை விட்டால் எல்லாரும் திரும்ப முதலிலையிருந்து. நான் இருந்து ஒரு தட்டுத் தட்டினன். பதிவு மிசினடியிலை இருந்த சிங்கள மாத்தயா கையைக் காட்டினார், பின்னுக்குப் போ எண்டு. போனன். பேந்தும் பின்னுக்கு. சுவரோடை ஒட்டினன், அதுவும் காணாதாம். கடைசியிலை குசினிக்குள்ளை விட்டுட்டினம். பெரிய ட்றம்முக்குள்ளை தலகணி. சின்னதுக்கு மேலை துவாய். பக்கத்திலை அடுப்பிலை அவைக்குச் சோறு கொதிக்குது."

சனம் சிரித்தது. "சோறு தந்தவையோ சில்வெஸ்ரண்ணை?" என்று பின்னுக்கிருந்து ஒருவர் கேட்டார்.

"பருப்பும் தந்தவை" என்றார். பிறகு சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"குசினிக்குள்ளை பாட்டுக் கேக்காது. ஆற்றையும் முகம் தெரியாது. கதவிடுக்காலை ஒண்டுதான் தெரிஞ்சது, கிறிஸ்தோப்பற்றை வலது தோள். அவன் மைக்குக்கும் எனக்கும் நடுவிலை நிண்டு மராகஸ் குலுக்கினவன். அவன் பாட்டைக் கேட்டுக் குலுக்கினான். நான் அவன்ரை தோளைப் பாத்து அடிச்சன். அந்தத் தோள் பிந்தியிருந்தால் நான் பிந்தியிருப்பன். ஒருக்காலும் பிந்தேல்லை."

முன்வரிசையில் கஜீபனின் அக்கா தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ட்றம்ஸ் அடிச்சது நான். என்ரை அண்ணன் எஸ்தாக்கி கடலிலை போய், எங்கடை வீட்டுத் துக்கம் அப்ப கழியேல்லை. நான் வீட்டிலை சொல்லாமல் போனனான். அதாலை என்ரை பேரைப் போடவேண்டாம் எண்டனான். மச்சான் தன்ரை பேரைத் தந்தான். தந்தவன், எடுக்கேல்லை. பிள்ளையள் அதை விளங்கவேணும். எனக்கு முதல் ட்றம்ஸ் வாங்கித் தந்ததும் எஸ்தாக்கி அண்ணன்தான். இதுக்கு மேலை எனக்கு நிக்க ஏலாது."

கை தட்டலாமா கூடாதா என்று சனத்துக்குத் தெரியவில்லை. இரண்டொருவர் தட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள். சுவாமி மைக்கை வாங்கி எல்லாருக்கும் நன்றி சொல்லி, அடுத்தது சிறுமிகளின் நடனம் என்று அறிவித்தார். கஜீபன்தான் மேடையிலிருந்து சில்வெஸ்ரரை இறக்கிவிட்டான். இறக்கும்போது கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. வழியில் ஜசிந்தாவை மறித்து, "செத்த மனுசனை மேடையிலை வைச்சு இப்பிடிச் சொல்லலாமே மாமி? ஒரு நாள் முன்னம் எங்களிட்டை வந்து சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

வீடு வந்து சேரும்வரை அவள் சந்தோசம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட சொல்லை மனுசனின் வாயாலேயே கேட்டாகிவிட்டது. கால் உளைந்தது, அவ்வளவுதான். அந்தத் தோளின் கதையை அவர் தனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே என்று மட்டும் ஒரு குறை.

"ஏன் எனக்கு அதைச் சொல்லேல்லை?"

"நீர் பேரைப் பற்றித்தானே கேட்டனீர்" என்றார் சில்வெஸ்ரர்.

மற்றநாள் காலமை ஜசிந்தா சீதேவியிடம் போனாள். சீதேவி படலையடியில் நின்றாள்.

"சொன்னவனோ?"

"சொன்னவர் அக்கா."

"எஸ்தாக்கியின்ரை பேரைச் சொன்னவனோ?"

"ஓம். ரெண்டுதரம்."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சீதேவி உள்ளே போய், கருவாடு கொஞ்சம் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

கஜீபன் கனடாவுக்குத் திரும்பிப் போய்ச் சில கிழமைக்குப் பிறகு தொலைபேசி எடுத்தான். கல்லை மாற்றுவதா என்று கேட்டான். அக்காவுக்கு விருப்பமில்லை என்பதையும் சொன்னான். "விடு தம்பி, மேடைக்கு ஒரு பேர் வேணும்தானே" என்றார் சில்வெஸ்ரர். கல் அப்படியே இருக்கிறது. தெருவில் காண்கிற சிலர் நீங்களோ அண்ணை அடிச்சது என்று கேட்பார்கள். ஓம் என்பார். வேறு சிலர், வயது போனவர்கள் அப்படித்தான், செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்று தங்களுக்குள் கதைப்பார்கள். அதுவும் அவருடைய நல்ல காதில் விழுந்திருக்கிறது. கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

மாரி தொடங்கியபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அதற்குப் பிறகு தனியாக எழும்பி நடக்க ஏலாமல் போயிற்று. சில்வெஸ்ரர் இப்போது வேலணையில், மகள் தயானியின் வீட்டில், முன்னறைக் கட்டிலில் இருக்கிறார். ஜசிந்தாவும் கூடவே இருக்கிறாள்.